பாதி விலையில் பிஸினஸ் கிளாஸ்: வாசகர் கேள்வி பதில்

டர்பனிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. துபாயிலோ தோஹாவிலோ இறங்கி ஏறி, வீட்டு வாசலிலிருந்து வாசல் போய்ச் சேர ஒரு முழு நாள் ஆகிவிடுகிறது. முட்டி வலிக்காரர்களும் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் படுத்துக்கொண்டு போகிற இருக்கையைத் தேடுவதில் வியப்பில்லை. அந்த இருக்கையைத் தள்ளுபடியில் தருவதாகச் சொல்பவர்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் பார்த்தேன். டர்பன்–துபாய்–சென்னை, போக வர பிஸினஸ் கிளாஸ், ஆளுக்கு 31,000 ராண்ட். ஏர்லைன் தளத்தில் அதே தேதிகளுக்கு 74,000 காட்டுகிறது. வாட்ஸ்அப்பில் கேட்டால் மரியாதையாக, உடனுக்குடன் பதில் சொல்கிறார்கள். அலுவலகம் அம்ஹ்லங்காவில் இருக்கிறதாம். அம்மா அப்பாவுக்கு எடுக்கலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

இந்த விலைக்கு வேண்டாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம், அடுத்த விளம்பரத்துக்கும் உதவும்.

தள்ளுபடி டிக்கெட் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஏர்லைன்கள் தங்கள் தளத்தில் காட்டும் விலைக்குக் கீழே, கன்சாலிடேட்டர் எனப்படும் மொத்த வியாபாரிகளுக்கு ஒப்பந்த விலை ஒன்று கொடுத்து வைத்திருக்கும். அவர்கள் அதை உள்ளூர் ஏஜென்டுகளுக்குத் தருவார்கள். ஏஜென்ட் தன் பங்கை ஏற்றி உங்களிடம் விற்பார். இந்த வழியில் வருகிற டிக்கெட் பத்து, இருபது சதவீதம் குறைவாக இருக்கும். கூட்டமில்லாத மாதத்தில், காலியாகப் பறக்கும் தடத்தில் முப்பது வரைகூடப் போகலாம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் எந்த ஏர்லைனுக்கும் அப்படிக் கொடுக்க வேண்டிய அவசியமே இருக்காது. ஆகவே 74,000 ராண்ட் உள்ள இடத்தில் ஒருவர் 60,000 சொன்னால் உட்கார்ந்து விசாரிக்கலாம். 31,000 என்றால் அது மொத்த வியாபாரி விலையே இல்லை. மீதி 43,000 ராண்டை யாரோ சுமக்கிறார்கள். அது வேறொருவர் ஏர்லைனில் பறந்து சேர்த்த பரிசுப் புள்ளிகளாக, அதாவது மைல்களாக இருக்கலாம், திருடப்பட்ட கிரெடிட் கார்டாக இருக்கலாம், அல்லது டிக்கெட்டே இல்லாமல் நீங்களே சுமக்கலாம்.

திருட்டுக் கார்டு விவகாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டிக்கெட் உண்மையிலேயே வழங்கப்பட்டிருக்கும், ஏர்லைன் தளத்திலும் தெரியும். ஆனால் கார்டின் சொந்தக்காரர் தன் வங்கியில் புகார் செய்ததும் ஏர்லைன் அந்தப் பணத்தை இழந்துவிடும். உடனே அது டிக்கெட்டை ரத்து செய்துவிடும். புகார் வர சில நாள் ஆகும் என்பதால் இந்த ஆட்கள் பெரும்பாலும் நாலைந்து நாளில் கிளம்பும் பயணங்களையே விற்பார்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், இப்படி வாங்கிய டிக்கெட்டோடு வருபவர்களைப் பிடிக்கவே விமான நிலையங்களில் கூட்டுச் சோதனை நடத்தியிருக்கிறது. கவுன்ட்டரில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர் இல்லை, பயணி.

விலை நியாயமாக இருக்கும்போதுதான் விற்பவரை விசாரிப்பதில் பொருள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் டிராவல் ஏஜென்சி நடத்தக் கட்டாய உரிமம் எதுவும் இல்லை. ஒரு லேப்டாப்பும் சிம் கார்டும் இருந்தால் நாளைக்கே யாரும் தொடங்கலாம். அசாட்டா என்கிற ஏஜென்டுகள் சங்கத்தில் சேருவதுகூட அவரவர் விருப்பம். உறுப்பினர் இல்லை என்பதால் ஒருவர் மோசடிக்காரர் ஆகிவிட மாட்டார். ஆனால் உறுப்பினர் என்று சொல்லிக்கொண்டு சங்கத்தின் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கம்பெனி பதிவு எண். 2002-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி, இணையத்தில் விற்கும் எவரும் முழுப் பெயர், நேரடி முகவரி, தொலைபேசி எண், பதிவு எண் எல்லாவற்றையும் தளத்தில் காட்ட வேண்டும். எண் 2019/123456/07 என்ற மாதிரி இருக்கும். முன்னால் இருப்பது பதிவு செய்த ஆண்டு, கடைசியில் உள்ள 07 தனியார் கம்பெனி என்பதைக் காட்டும். கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான சி.ஐ.பி.சி.யின் பிஸ்போர்ட்டல் தளத்தில் அதைப் போட்டுப் பார்த்தால் பெயரும் நிலையும் வரும். ‘இருபது ஆண்டு அனுபவம்’ என்று விளம்பரத்தில் போட்டுவிட்டுப் பதிவு எண் சென்ற ஆண்டில் தொடங்கினால் காரணம் கேளுங்கள். நேர்மையான பதிலும் இருக்கலாம், பங்குதாரர் பிரிந்து புதிதாகப் பதிந்திருக்கலாம். கேட்டவுடன் குரல் ஏறினால் அதுவும் ஒரு பதில்தான்.

ஏர்லைன்களின் உலகச் சங்கமான ஐயாட்டா ஏஜென்சிகளுக்குத் தரும் எண்ணைக் கொடுத்தால், ஐயாட்டா தளத்திலேயே குறியீட்டைச் சரிபார்க்கும் பகுதி இருக்கிறது. எண் உண்மையா என்பதோடு நிறுத்தாதீர்கள். பெயரும் ஊரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இன்னொரு ஏஜென்சியின் எண்ணை எடுத்து ஒட்டிக்கொள்வது இந்தத் தொழிலில் பழைய வித்தை. சொந்த எண் இல்லாத நாணயமான சிறு ஏஜென்டுகளும் நம் ஊரில் நிறைய உண்டு. அவர்கள் மொத்த வியாபாரி வழியாக டிக்கெட் எடுப்பார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது, “டிக்கெட்டை வழங்குவது எந்த ஏஜென்சி?” இ-டிக்கெட் ரசீதில் வழங்கியவர் பெயரும் எண்ணும் எப்படியும் அச்சாகும் என்பதால், மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

இவற்றையெல்லாம் செய்ய நேரமில்லை என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அம்ஹ்லங்கா ஆபீஸுக்கு நேரில் வந்து, என் கிரெடிட் கார்டில் கட்டலாமா?” மோசடிக்காரர்களில் பலர் இந்தக் கேள்வியோடு காணாமல் போவார்கள்.

ஏஜென்ட் ஆறெழுத்து பி.என்.ஆர். அனுப்பினார். ஏர்லைன் தளத்தில் போட்டுப் பார்த்தேன், என் பெயர், தேதி, பிஸினஸ் கிளாஸ் எல்லாம் வருகிறது. இனிப் பணம் அனுப்பலாம்தானே?
– வாசகர், பீனிக்ஸ்

இன்னும் இல்லை. பி.என்.ஆர். என்பது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போன்றது. ஒரு ஏஜென்ட் ஒரு காசும் கட்டாமல் உங்கள் பெயரில் இடத்தைப் பதிவு செய்துவிட முடியும். ஏர்லைன் ஒரு கெடு வைத்திருக்கும், அதற்குள் டிக்கெட் வழங்காவிட்டால் பதிவு தானாக அழிந்துவிடும். அந்த இடைவெளியில்தான் மோசடிக்காரர் உங்களிடம் பணம் வாங்குகிறார்.

நீங்கள் தேட வேண்டியது பதின்மூன்று இலக்க டிக்கெட் எண். முதல் மூன்று இலக்கம் டிக்கெட் எந்த ஏர்லைனுடையது என்று சொல்லும்: எமிரேட்ஸ் 176, கத்தார் ஏர்வேஸ் 157, எதிஹாட் 607, எத்தியோப்பியன் 071. எமிரேட்ஸில் பறக்கிறீர்கள், எண் வேறு மூன்று இலக்கத்தில் தொடங்குகிறது என்றால், கூட்டாளி ஏர்லைன் வழங்கிய டிக்கெட்டாக இருக்கலாம், விளக்கம் கேளுங்கள். எண் கிடைத்ததும் ஏர்லைனின் அழைப்பு மையத்தைக் கூப்பிடுங்கள். தொலைபேசி எண்ணை ஏர்லைன் தளத்திலிருந்தே எடுங்கள், ஏஜென்ட் அனுப்பியதை அல்ல. டிக்கெட் வழங்கப்பட்டிருக்கிறதா, எல்லாப் பகுதிகளும் பயன்படுத்தத் திறந்த நிலையில் உள்ளனவா, பணம் கொடுத்த டிக்கெட்டா மைல் டிக்கெட்டா என்று மூன்றையும் கேளுங்கள்.

ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடக் கூடாது. வழங்கிய அதே நாளுக்குள் ஏஜென்ட் டிக்கெட்டைச் செல்லாததாக்கிப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். காலையில் டிக்கெட் வழங்கி, உங்களுக்குக் காட்டி, பணம் வாங்கி, இரவுக்குள் அதை அழித்துவிடுவது தெரிந்த தந்திரம். ஆகவே மறுநாள் இன்னொரு முறை பாருங்கள். முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் உயர்ந்த கட்டண வகையாக இருந்தால், வாரங்கள் கழித்தும் ரத்து செய்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். ரத்து செய்தால் காசு வராத டிக்கெட்தான், வேடிக்கையாக, இந்த விஷயத்தில் உங்களுக்குப் பாதுகாப்பு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னும், வீட்டை விட்டுப் புறப்படும் முன்னும் மறுபடி பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. பதிவில் தொடர்புக்கு இருக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவையா என்று கவனியுங்கள். பல ஏஜென்டுகள் தங்கள் எண்ணைப் போட்டு வைப்பார்கள். நேரம் மாறினாலும் ரத்தானாலும் ஏர்லைனின் செய்தி அவர்களுக்குத்தான் போகும். நீங்களே தளத்தில் நுழைந்து மாற்றிக்கொள்ளலாம். பி.என்.ஆர். தெரிகிற மாதிரி டிக்கெட்டைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் தவிருங்கள். கடைசிப் பெயரும் அந்த ஆறெழுத்தும் இருந்தால் யாரும் உள்ளே போகலாம்.

ஒருவர் ‘மைல்’ டிக்கெட் விற்கிறார். லெனேஷியாவில் பல பேர் அவரிடம் வாங்கிப் போய் வந்திருக்கிறார்கள், ஒரு பிரச்சினையும் இல்லை. இது சட்டப்படி சரியா?
– வாசகர், லெனேஷியா

பல பேர் போய் வந்தது உண்மையாகவே இருக்கலாம். மைல் தரகர் டிக்கெட் பெரும்பாலும் பறக்கும். ஆனால் மைல்களைக் காசுக்கு விற்பதை ஏர்லைன்களின் திட்ட விதிகள் தடை செய்கின்றன. கண்டுபிடித்தால் கணக்கை முடக்கி, அதிலிருந்து எடுத்த டிக்கெட்டுகளை ரத்து செய்வார்கள். இழப்பீடு கிடையாது. போகும் பயணம் நன்றாக முடிந்து, திரும்பும் பயணம் மட்டும் சென்னையில் ரத்தாகி நிற்பதுதான் மோசமான நிலை. அப்போது ஒருவழி டிக்கெட்டை அன்றைய விலைக்கு வாங்க வேண்டும், தள்ளுபடியில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

ஒரே கணக்கிலிருந்து சம்பந்தமில்லாத குடும்பப் பெயர்களில் டிக்கெட்டுகள் போவதைத்தான் ஏர்லைன்கள் முதலில் கவனிக்கின்றன. சில ஏர்லைன்கள் ஆரம்பத்திலேயே கதவை அடைத்துவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் கணக்குக்காரர் முன்கூட்டியே பதிவு செய்த ஐந்து பேருக்குத்தான் மைலில் டிக்கெட் எடுத்துத் தர முடியும். விற்பவர் “கவுன்ட்டரில் கேட்டால் நண்பர் அன்பளிப்பாகக் கொடுத்தார் என்று சொல்லுங்கள்” என்று சொல்லிக்கொடுத்தால், ஆபத்து எவ்வளவு என்று அவருக்கே தெரியும் என்று பொருள். மைல் என்று முன்பே சொல்லாமல் ‘ஸ்பெஷல் ஃபேர்’ என்று விற்பவரும் உண்டு. அந்த ரசீதில் கட்டணப் பகுதி காலியாகவோ பூஜ்யமாகவோ இருக்கும், வரிகள் மட்டும் தெரியும்.

மைலில்தான் போக வேண்டும் என்றால் உங்கள் சொந்தக் கணக்கில் சேர்த்த மைல்களை வைத்து, இருக்கை தேடித் தருவதற்கு மட்டும் கூலி வாங்கும் ஆட்களிடம் போங்கள். ஏர்லைனே அவ்வப்போது மைல்களை விற்கும், அதையும் உங்கள் கணக்கிலேயே வாங்கலாம். சொந்த மைலில் போவது வேறு, தரகரிடம் வாங்குவது வேறு.

டிக்கெட்டில் கட்டணம் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை, ‘ஐ.டி.’ என்று இரண்டு எழுத்து மட்டும் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, வெருலம்

இல்லை. ‘ஐ.டி.’, ‘பி.டி.’ என்ற இரண்டும் ஒப்பந்த விலை டிக்கெட்டில் வருகிற குறிகள். மொத்த வியாபாரிக்கு என்ன விலைக்குக் கொடுத்தோம் என்பதை மறைக்க ஏர்லைனே அப்படி அச்சிடுகிறது. ஒரே சிரமம், பிறகு காப்பீட்டிலோ வங்கியிலோ தொகையைக் காட்ட வேண்டியிருந்தால் டிக்கெட் உதவாது. ஏஜென்டிடம் தொகை எழுதிய இன்வாய்ஸ் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டில் கட்டினால் நான்கு சதவீதம் கூட, வங்கிக் கணக்கிலிருந்து நேராக மாற்றி இ.எஃப்.டி. செய்தால் அந்தத் தொகை மிச்சம் என்கிறார் ஏஜென்ட். பத்து வருஷமாகத் தெரிந்தவர். இரண்டு டிக்கெட்டுக்கு நான்கு சதவீதம் சின்னத் தொகை இல்லையே?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று சொல்லவில்லை. ஆனால் நாணயமான ஏஜென்சியும் நொடித்துப் போகலாம், நாணயமான ஏஜென்ட்டின் மின்னஞ்சலையும் திருடன் திறக்கலாம். அந்த நான்கு சதவீதம் இந்த இரண்டுக்கும் நீங்கள் கட்டும் காப்பீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டில் கட்டிய பணத்தை, சேவை கிடைக்காதபோது வங்கி வழியாகத் திரும்பக் கேட்கலாம். விசா, மாஸ்டர்கார்டு சின்னம் உள்ள டெபிட் கார்டுக்கும் இது பொருந்தும். இ.எஃப்.டி.க்கும், உடனடிப் பணமாற்றமான பேஷாப்புக்கும் அந்த வழி கிடையாது. மாங்கோ ஏர்லைன் 2021 ஜூலையில் பறப்பதை நிறுத்தியதும், கூலூலா விமானங்களை நடத்திய காமேர் நிறுவனம் 2022 ஜூனில் மூடப்பட்டதும் நம் நாட்டில்தான் நடந்தன. வங்கி மாற்றலில் கட்டியவர்கள் கடன் கொடுத்தவர்கள் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

மின்னஞ்சல் திருட்டு இங்கே இன்னும் சகஜம். ஏஜென்ட்டின் அஞ்சலுக்குள் புகுந்தவன் பொறுமையாகக் காத்திருந்து, இன்வாய்ஸ் போகும் நேரத்தில் அதே லெட்டர்ஹெட், அதே கையெழுத்து, வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்புவான். ஒரு வீடு வாங்கியவர் வழக்கறிஞர் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய 5.5 மில்லியன் ராண்டை, கணக்கு எண் மாற்றப்பட்ட இப்படியொரு அஞ்சலை நம்பித்தான் திருடனின் கணக்குக்கு அனுப்பினார். 2023-இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 ஜூனில் புளூம்ஃபோன்டெய்னில் உள்ள மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கணக்கு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ள வாய்ப்பு இருந்தும் அவர் தன்னைப் பாதுகாத்துக்கொள்ளவில்லை என்பது மேல்முறையீட்டுத் தீர்ப்பின் சாரம்.

வேறு வழியில்லாமல் இ.எஃப்.டி. செய்தால், கணக்கு எண்ணை, உங்களிடம் முன்பே இருக்கும் ஏஜென்ட்டின் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு வாய்மொழியாகக் கேட்டு ஒப்பிடுங்கள். வங்கிச் செயலியில் கணக்கின் பெயரைச் சரிபார்க்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். கம்பெனி பெயருக்குப் பதில் தனிநபர் பெயர் வந்தால் அனுப்ப வேண்டாம், அவர் மைத்துனர் கணக்கு என்று சொன்னாலும்.

அமெரிக்கக் கம்பெனி ஒன்று பிஸினஸ் கிளாஸ் மட்டுமே விற்கிறது. தளத்தில் கலிஃபோர்னியா பதிவு எண் போட்டிருக்கிறார்கள். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து எதுவும் ஏற்பாடு செய்வார்களாம். டாலரில் கட்ட வேண்டும். அந்த எண் எனக்குப் பாதுகாப்பா?
– வாசகர், லாடியம்

எண் உண்மையாக இருந்தால் கம்பெனி இருக்கிறது என்று தெரியும், அவ்வளவே. கலிஃபோர்னியாவில் பயணம் விற்பவர்கள் மாநிலத்தில் பதிவு செய்ய வேண்டும், ஏமாந்தவர்களுக்கு ஈடு கொடுக்க ஒரு நிதியும் உண்டு. ஆனால் அந்த நிதி கலிஃபோர்னியாவாசிகளுக்கானது. லாடியத்தில் இருப்பவருக்கு அதில் ஒரு சென்ட் வராது.

இந்த வகைக் கம்பெனிகளில் பல உண்மையாகவே ஒப்பந்த விலை டிக்கெட் தருகின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தொலைபேசியில் ஒரு விலை சொல்லி, கார்டு எண் வாங்கிய பிறகு “கட்டணம் இப்போதுதான் ஏறியது, இன்னும் 300 டாலர்” என்பார்கள். டிக்கெட் வழங்கப்படும்வரை எந்த விலையும் உறுதி இல்லை என்பது உண்மை, அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மொத்தத் தொகையையும் எத்தனை மணி நேரத்துக்குள் டிக்கெட் எண் வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகே கார்டைக் கொடுங்கள். கையெழுத்துக் கேட்டு ஒரு கார்டு ஒப்புதல் படிவம் வரும். அதில் ‘எந்தக் காரணத்துக்கும் வங்கியில் முறையிட மாட்டேன்’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும், படித்துவிடுங்கள். கார்டின் படம் கேட்டால் நடு எண்களையும் பின்பக்க மூன்று இலக்கத்தையும் மறைத்து அனுப்புங்கள்.

கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: “என் கார்டு அறிக்கையில் யார் பெயர் வரும்?” கட்டணத்துக்கு ஏர்லைன் பெயரும், கூலிக்கு மட்டும் கம்பெனி பெயரும் தனித்தனியாக வந்தால் நிம்மதி, ஏனெனில் பணம் நேரே ஏர்லைனுக்குப் போகிறது. மொத்தமும் கம்பெனி பெயரில் வந்தால் சுமார். நீங்கள் கேள்வியே படாத மூன்றாவது பெயர் வந்தால் அன்றே வங்கியைக் கூப்பிடுங்கள். டாலரில் கட்டும்போது வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால், பல சமயம் உள்ளூர் ஏஜென்ட்டின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

பிஸினஸ் கிளாஸ் என்று சொல்லித்தான் விற்றார்கள். டிக்கெட் வந்த பிறகு பார்த்தால் லவுஞ்சும் இல்லை, இருக்கை தேர்வுக்கும் காசு கேட்கிறது. கேட்டால் ‘ஏர்லைன் விதி’ என்கிறார்கள்.
– வாசகி, டோங்காட்

இதில் அவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். 2019-இல் எமிரேட்ஸ் ‘ஸ்பெஷல்’ என்றும், அடுத்த ஆண்டு கத்தார் ஏர்வேஸ் ‘லைட்’ என்றும் மலிவு பிஸினஸ் கட்டணங்களைக் கொண்டு வந்தன. இருக்கை அதே படுக்கை இருக்கைதான், சாப்பாடு அதேதான், லவுஞ்ச் போன்ற சுற்று வசதிகள் வெட்டப்பட்டவை. ஏஜென்ட் இதை ஏர்லைனின் முழு வசதி பிஸினஸ் விலையோடு ஒப்பிட்டு ‘நாற்பது சதவீதத் தள்ளுபடி’ என்று காட்டுவார். ஏர்லைன் தளத்திலும் அதே மலிவு வகையின் விலையைத் தேடி அதனோடு ஒப்பிட்டால் தள்ளுபடி ஐந்து சதவீதமாகச் சுருங்கிவிடும்.

இதைவிட மோசமானது கலப்பு டிக்கெட். டர்பன்–ஜோஹன்னஸ்பர்க் ஒரு மணி நேரப் பயணம் பிஸினஸில், இரவு முழுக்கப் பறக்கும் நீண்ட பகுதி எகானமியில். தலைப்பில் ‘பிஸினஸ்’ என்றே இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து அச்சாகியிருக்கும். ஜே, சி, டி, ஐ, இசட் என்றால் பெரும்பாலும் பிஸினஸ். ஒய், பி, எம் போன்றவை எகானமி. பணம் கட்டும் முன்பே இந்த எழுத்துகளைக் கேட்டு வாங்குங்கள்.

கூடவே எல்லாப் பகுதிகளும் ஒரே டிக்கெட்டா என்றும் பாருங்கள். மலிவுக்காக டர்பன்–ஜோஹன்னஸ்பர்க் பகுதியைத் தனியாக எடுத்துக் கொடுத்திருந்தால், உள்நாட்டு விமானம் தாமதமானால் நீண்ட பயணத்தைத் தவறவிட்டதற்கு யாரும் பொறுப்பில்லை. ஜோஹன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு பி டெர்மினலிலிருந்து ஏ டெர்மினலுக்குப் போய் மறுபடி கொடுக்க வேண்டும். முட்டி வலி என்று பிஸினஸ் எடுத்தவர்களை இந்த அலைச்சலுக்கு விடுவது நியாயமில்லை. அதற்காக, ஒரே டிக்கெட்டில் உள்ள முதல் பகுதியைத் தவிர்த்துக் காரில் ஜோஹன்னஸ்பர்க் போய் ஏறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதி எல்லாம் ரத்தாகிவிடும்.

‘மரைன் ஃபேர்’ என்று ஒரு விலை சொல்கிறார்கள், சாமான் அளவும் அதிகம். என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்கிறார். எடுக்கலாமா?
– வாசகி, இசிபிங்கோ

கப்பலில் ஏறப் போகிற அல்லது இறங்கி வீடு திரும்புகிற மாலுமிகளுக்கான கட்டணம் அது. கவுன்ட்டரில் மாலுமிப் புத்தகமும் கப்பல் கம்பெனியின் கடிதமும் கேட்பார்கள். துறைமுக வேலை அதில் சேராது. அந்தத் தாள்கள் இல்லையென்றால் வித்தியாசத் தொகையை அங்கேயே கட்டச் சொல்லலாம், ஏற்ற மறுக்கவும் செய்யலாம். மாணவர், மிஷனரி, கம்பெனி ஒப்பந்தக் கட்டணங்களுக்கும் இதே கதைதான்.

‘எந்தச் சூழ்நிலையிலும் பணம் திரும்பாது’ என்று ஏஜென்ட்டின் நிபந்தனையில் இருக்கிறது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம், பயணம் நடக்காது. ஒன்றும் செய்ய முடியாதா?
– வாசகர், மியர்பேங்க்

முடியும், கேட்டுப் பாருங்கள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, முன்பதிவை ரத்து செய்ய உரிமை தருகிறது. வழக்கமாக நியாயமான ஒரு தொகையை அவர்கள் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் யாருக்காகப் பதிவு செய்தீர்களோ அவர் இறந்துவிட்டாலோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாலோ ரத்துக் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. ஆஸ்பத்திரிக் கடிதத்தை இணைத்து, பயணத் தேதிக்கு முன்பே, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பயண நாள் கழிந்து எழுதினால் ‘வராத பயணி’ என்று கணக்கில் ஏறி வாதம் பலவீனமாகிவிடும். பணம் ஏர்லைனிலிருந்து ஏஜென்ட் வழியாகத்தான் திரும்பும், வாரக்கணக்கில் ஆகும். ஏர்லைன் பணத்தை அனுப்பிவிட்டதா என்று ஏர்லைனிடமே கேட்டுவிட்டுப் பிறகு ஏஜென்ட்டைக் கேளுங்கள். அது அவர் கையில் தங்கி நிற்பதும் உண்டு.

பணம் கட்டி ஒன்பது நாள் ஆயிற்று. டிக்கெட் எண் வரவில்லை. முதலில் ‘சிஸ்டம் டவுன்’ என்றார், இப்போது போனே எடுப்பதில்லை. பாதி கார்டில், பாதி இ.எஃப்.டி.யில் கட்டினேன். அண்ணன் மகள் கல்யாணம் அடுத்த மாதம்.
– வாசகர், சாட்ஸ்வொர்த்

ஒன்பது நாள் யாருக்கும் சிஸ்டம் டவுனாக இருக்காது. இ.எஃப்.டி.யில் போன பணத்தை முதலில் கவனியுங்கள், அதற்குத்தான் அவசரம். இதைப் படித்தவுடன் உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவைக் கூப்பிட்டு, பணம் போன கணக்கை முடக்கக் கேளுங்கள். அந்தக் கணக்கில் மிச்சம் ஏதாவது இருந்தால் மட்டுமே கிடைக்கும், பொதுவாக அன்றைக்கே துடைத்து எடுத்திருப்பார்கள். அப்படியும் கேளுங்கள். அடுத்து காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்குங்கள், வங்கி அதைக் கேட்கும்.

கார்டில் போன பாதிக்கு நம்பிக்கை அதிகம். வங்கியில் ‘இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை’ என்று சொல்லாதீர்கள். நீங்கள்தான் கைபேசியில் வந்த ஒப்புதலை அழுத்தியிருக்கிறீர்கள், அந்தப் பதிவு அவர்களிடம் இருக்கிறது, கோரிக்கை அங்கேயே விழுந்துவிடும். ‘பணம் கட்டிய சேவை கிடைக்கவில்லை’ என்ற வகையில் பதியச் சொல்லுங்கள். இன்வாய்ஸ், வாட்ஸ்அப் உரையாடல், இந்தப் பெயரில் டிக்கெட் இல்லை என்று ஏர்லைன் சொன்ன மின்னஞ்சல், ஏஜென்ட்டுக்கு நீங்கள் பணம் திரும்பக் கேட்டு எழுதிய கடிதம், இந்த நாலும் வேண்டும். பொதுவான கெடு 120 நாள். சேவை நடக்க வேண்டிய தேதி பின்னால் இருந்தால் பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்து எண்ணுவார்கள், ஆனாலும் காத்திருக்க வேண்டாம். வங்கி மறுத்தால் தேசிய நிதி குறைதீர்ப்பு அமைப்புக்கு இலவசமாகப் போகலாம்.

ஏஜென்ட் உள்ளூரில் இருக்கிறார், கம்பெனி உயிரோடு இருக்கிறது என்றால் சிறு வழக்கு மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். 2019-இல் அதன் வரம்பு 20,000 ராண்டாக உயர்த்தப்பட்டது. வர வேண்டியது அதைவிடக் கூட என்றால், மிச்சத்தை விட்டுக்கொடுத்துவிட்டு அந்தத் தொகைக்கு மட்டும் போடலாம்.

இனி அந்த ஏஜென்ட்டே கூப்பிட்டு, “இன்னும் 6,000 அனுப்பினால் இன்றைக்கே டிக்கெட் வந்துவிடும்” என்பார். பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி முன்கூலி கேட்டு வேறு யாராவதும் கூப்பிடலாம், உங்கள் எண் கைமாறியிருக்கும். இரண்டு பேருக்கும் ஒரு ராண்டும் அனுப்பாதீர்கள். கல்யாணத்துக்கு எகானமியில் இடம் இருக்கும்போதே ஏர்லைன் தளத்தில் நேராக எடுத்துவிடுங்கள். பழைய பணம் வந்த பிறகு எடுக்கலாம் என்று இருந்தால் தேதி தாண்டிவிடும்.